கூட்டம் நிறைந்த ஏலத்தில் உங்கள் முதல் பழந்துப்பாக்கி

கேள்வி: அண்ணா, நான் மதுரைக்காரன். ஐந்து வருடமாக டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். பழைய துப்பாக்கிகள் மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. அடுத்த மாதம் டாலஸ் பக்கத்தில் பெட்ஃபோர்டில் நடக்கும் பழந்துப்பாக்கி ஏலத்துக்கு முதல் தடவையாகப் போகிறேன். கேட்டலாக்கில் 1873 மாடல் விஞ்செஸ்டர் ரைஃபிள் ஒன்று மனதில் நிற்கிறது. 1,800 முதல் 2,750 டாலர் வரை போகும் என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். என் கையில் இருப்பது மொத்தமே 3,000 டாலர். போன தடவை போய்வந்த நண்பர், "உட்கார இடம் கிடைக்காது, கண்ணை மூடித் திறப்பதற்குள் லாட் (ஏலத்துக்கு வரும் பொருள்) போய்விடும்" என்கிறார். நான் குடிமகன் இல்லையே, வாங்கலாமா? அந்தக் கூட்டத்தில் எப்படிச் சமாளிப்பது? பின்னால் அப்பாவுக்காக அதை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். விசா கேள்வியை முதலில் எடுக்கிறேன். ஏலத்தில் நூறு இருநூறு டாலர் கூடக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் சரிக்கட்டிக்கொள்ளலாம். விசா விஷயத்தில் தவறினால் சரிக்கட்டவே முடியாது.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் சேகரிப்பவருக்கு அந்த வழி தேவையில்லை. ஏனென்றால் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 அல்லது அதற்கு முன்னால் தயாரானதை 'ஆன்டீக்' என்று தனியாக வைக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டமும் 1899க்கு முந்தைய ஆன்டீக்கை விலக்கியே வைத்திருக்கிறது. ஆக, உங்கள் விஞ்செஸ்டர் 1898க்குள் செய்யப்பட்டது என்றால் நீங்கள் வாங்கலாம். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்குள்ள சட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லா மாநிலமும் டெக்சாஸ் மாதிரி தாராளமாக இருக்காது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. '1873 மாடல்' என்பது வடிவமைப்பின் பெயர்தான், உங்கள் கையில் வரப்போகும் துப்பாக்கி பிறந்த வருடம் இல்லை. விஞ்செஸ்டர் கம்பெனியின் நியூ ஹேவன் தொழிற்சாலையில் இந்த மாடலை 1900க்கு அப்புறமும் பல வருடம் செய்தார்கள். மொத்தம் ஏழு லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி 1898க்குள் வந்ததுதான் என்றாலும், உங்களுக்குப் பிடித்த அந்த ஒன்று எதில் சேரும் என்பதைச் சீரியல் நம்பர்தான் சொல்லும். லீவருக்கு (தோட்டாவை ஏற்ற இறக்கும் நெம்புகோல்) மேலே, கட்டையின் அடிப்பக்கம் ஓடும் இரும்புப் பட்டையில் நம்பர் வெட்டியிருக்கும். கேட்டலாக்கில் 'ஆன்டீக்' என்று போட்டிருக்கிறதா, அல்லது 'கியூரியோ அண்டு ரெலிக்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வார்த்தை ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய துப்பாக்கிகளுக்கு உரியது. சேகரிப்பாளர்கள் அதற்கென்று மூன்று வருடத்துக்கு 30 டாலர் கட்டித் தனி உரிமம் வைத்திருப்பார்கள். பழசு என்றாலும் அது சட்டப்படி துப்பாக்கிதான். அந்தப் பக்கம் நீங்கள் போகவே கூடாது.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏலத்துக்கு முன் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க விடும் பார்வை நாளில் மேசை மேசையாகத் துப்பாக்கி இருக்கும். பக்கத்தில் நிற்பவர் "இதைப் பிடித்துப் பாருங்கள்" என்று 1898க்குப் பிந்தைய ஒரு 1911 மாடல் பிஸ்டலை நீட்டுவார். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எல்லை எங்கே என்று உங்கள் கையை வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. ஆன்டீக் என்று சீட்டு கட்டியதை மட்டும் தொடுங்கள். தோட்டாவும் அப்படித்தான். அந்த விஞ்செஸ்டருக்குப் பொருந்தும் .44-40 தோட்டா இன்றைக்கும் கடையில் விற்கிறது. துப்பாக்கி ஆன்டீக் என்பதால் தோட்டாவுக்கு விலக்கு வந்துவிடாது. அலங்காரத்துக்குக் கூட ஒரு பெட்டி வாங்கி வைக்காதீர்கள். பச்சை அட்டைக்கு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் லாட் விவரத்தைக் காட்டி ஒரு வரி எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் துப்பாக்கியை மதிப்பிடுகிறவன், விசாவுக்கு அவர் சொல்தான் கணக்கு.

சரி, இப்போது ஏலத்துக்கு வருவோம்.

கூட்டத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த அரங்குகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்குவதா வேண்டாமா, எவ்வளவுக்கு என்பதையெல்லாம் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளிலேயே முடித்துவிட வேண்டும். ஏலத்தன்று அரங்கில் செய்ய வேண்டியது, அட்டையைத் தூக்குவதும் இறக்குவதும் மட்டும். ஏலத்துக்கு ஒரு நாள் லீவு போட முடியும் என்றால் அதைப் பார்வை நாளுக்குப் போடுங்கள். ஏலத்தன்று போகாமல் இணையத்தில் கேட்டால்கூடப் பரவாயில்லை.

பார்வை நாளில் ஒரு சின்ன டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, நோட்டு, பென்சில் கொண்டு போங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். 130 வருடம் தப்பிப் பிழைத்த மேற்பூச்சில் உங்கள் கடிகாரப் பட்டை கீறல் போட்டால் அதைப்போலப் பாவம் வேறில்லை. லீவரை இறக்கும் முன் ஊழியரிடம் கேளுங்கள். குழல் வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள். சும்மா ட்ரிகரைச் சொடுக்கிப் பார்ப்பதும் கூடாது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்கிறவரைப் பார்த்ததும் ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள், கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் முதலில் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வெட்டுக் கோடு நேராகக் கூர்மையாக இருந்தால், அதைத் திறந்தவர்கள் சரியான கருவி வைத்துத் திறந்திருக்கிறார்கள், அல்லது திறக்கவே இல்லை. ஓரம் பிதுங்கிச் சிதைந்திருந்தால் யாரோ கிடைத்ததை வைத்து நோண்டியிருக்கிறார்கள். அப்புறம் எண்கோணக் குழல். எட்டு முனையும் விரலை வைத்தால் உறுத்த வேண்டும். முனை மழுங்கி வழவழப்பாக இருந்தால், துருவைப் போக்க எந்திரச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குழலின் மேல் நியூ ஹேவன் முகவரியும் 'கிங்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று தொடங்கும் பேட்டன்ட் வரியும் இருக்கும். பூதக்கண்ணாடியில் அந்த எழுத்துகளைப் பாருங்கள். தேய்த்த துப்பாக்கியில் எழுத்து ஆழமில்லாமல் கரைந்து, ஸ்க்ரூ துளையின் விளிம்பு கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். தேய்த்த பிறகு புதிதாக நீலப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கும். புதிதாக வருகிறவர்கள் அதில்தான் விழுகிறார்கள். பக்கத்து மேசையில் பழுப்பேறி, மங்கி, ஆனால் யாரும் கை வைக்காத துப்பாக்கி கிடக்கும். எடுங்கள், அதைத்தான் எடுங்கள். போன பூச்சை யாராலும் திருப்பித் தர முடியாது.

ரிசீவரின் (தோட்டா ஏறும் நடு இரும்புப் பகுதி) மேலே சின்னதாக ஒரு நகரும் மூடி இருக்க வேண்டும், தூசி உள்ளே போகாமல் தடுக்க. பல துப்பாக்கிகளில் அது காணாமல் போயிருக்கும், அல்லது வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியிருப்பார்கள். நிறம் ஒத்துப்போகிறதா பாருங்கள். ரைஃபிள் என்றால் பொதுவாக 24 அங்குலக் குழல், அதன் குட்டை வகையான கார்பைன் என்றால் 20. இடையில் ஏதோ ஒரு அளவு இருந்தால், அது ஸ்பெஷல் ஆர்டராகவும் இருக்கலாம், யாரோ வாயை அறுத்துக் குறைத்ததாகவும் இருக்கலாம். குறி பார்க்கும் முன் முள் குழல் வாய்க்கு மிக நெருங்கி உட்கார்ந்திருந்தால் இரண்டாவதைச் சந்தேகப்படுங்கள்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில், பஃபலோ பில் சென்டருக்குள் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் விஞ்செஸ்டர் கம்பெனியின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. சீரியல் நம்பரும் கட்டணமும் அனுப்பினால், அந்தத் துப்பாக்கி எந்த அளவுத் தோட்டாவுக்கு, வட்டக் குழலோடா எண்கோணக் குழலோடா, எந்தத் தேதியில் கிடங்குக்கு வந்து எப்போது வெளியே போனது என்று பார்த்துக் கடிதம் தருவார்கள். சில நம்பர்களுக்குப் பதிவு இல்லை. இருக்கிறது என்றால் விட்டுவிடாதீர்கள். கேட்டலாக்கில் 'கோடி லெட்டர் உண்டு' என்று இருந்தால் நகலைக் கேட்டு வாங்கி, துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். கடிதம் வட்டக் குழல் என்று சொல்லி, கையில் இருப்பது எண்கோணமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பார்வை நாளைத் தவறவிட்டதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். விமானம் தாமதமாகி, ஏலம் தொடங்கிய பிறகுதான் அரங்கில் நுழைந்தேன். நிற்கக்கூட இடமில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். திரையில் ஒரு மார்ட்டினி-ஹென்றி, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள், வந்தது. ரிசீவரில் கிரீடம், அதன் கீழ் விக்டோரியா ராணியின் முத்திரை எழுத்துகள். முன்னால் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். அவர்கள் கேட்கிறார்கள் என்றால் நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று நானும் புகுந்தேன். என்னிடமே நின்றது. சாயங்காலம் கையில் வாங்கிப் பார்த்தால், பிரிட்டிஷ் அரசு ஆயுதத் தொழிற்சாலையைக் குறிக்கும் 'என்ஃபீல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'என்' எழுத்து இடம் வலம் மாறித் திரும்பிக் கிடந்தது. கீழே போட்டிருந்த வருடம் 1904. ராணி காலமானது 1901 ஜனவரியில். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் அடித்துச் செய்த நகல் அது. அந்தக் கைவினைஞர்கள் கெட்டிக்காரர்கள், அந்த நகல்களைத் தேடிச் சேகரிக்கிறவர்களும் உண்டு. ஆனால் நான் கொடுத்தது என்ஃபீல்ட் விலை. ஏல விதியில் 'இருக்கிறபடியே விற்பனை' என்று தெளிவாக இருந்தது. புகார் சொல்ல வழியில்லை. அந்த இரண்டு பேருக்கும் என்னைவிட ஒன்றும் அதிகமாகத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அரங்கில் எத்தனை கை தூக்குகிறது என்பதை மதிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துப்பாக்கியும் அதன் காகிதமும்தான் சாட்சி. 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பானம்ஸ் ஏலத்தில் கோல்ட் (Colt) கம்பெனியின் ஒரு ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. வேலைப்பாடு ஏதுமில்லாத சாதாரணத் துப்பாக்கி. 1881 ஜூலை 14 அன்று நியூ மெக்சிகோவில் ஷெரிஃப் பேட் கேரட், பில்லி த கிட் என்ற பேர்போன கொள்ளைக்காரனைச் சுட்டது அதை வைத்துத்தான். கேரட்டின் மனைவி 1930களில் அதைத் திரும்பப் பெற நீதிமன்றம் வரை போனார். அந்த மாதிரி ஆவணங்கள் சங்கிலி அறாமல் தொடர்ந்து வந்ததால்தான் அந்த விலை. 2022 மே மாதம் ராக் ஐலண்ட் ஏலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஜெனரல் கிரான்ட்டின் ஜோடி ரெமிங்டன் ரிவால்வர்கள் 51 லட்சம் டாலரைத் தாண்டியதும் இப்படித்தான். நீங்கள் போகும் அரங்கிலும் யாராவது "இது ஒரு கௌபாய் குடும்பத்துச் சொத்து" என்று காதில் ஓதுவார்கள். காகிதம் இல்லையென்றால் அந்தக் கதைக்கு ஒரு டாலர்கூட வைக்காதீர்கள்.

இனி பணக் கணக்கு. கையில் 3,000 டாலர் இருக்கிறது என்பதால் 3,000 வரை கேட்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தி தட்டும் விலைக்கு மேல் 'பையர்ஸ் பிரீமியம்' என்று ஏல நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கும். எத்தனை சதவீதம் என்று விதிகளில் இருக்கும். கார்டில் கட்டினால் கூடுதலாகவும், காசோலைக்குக் குறைவாகவும் வைப்பதுண்டு. 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் விற்பனை வரி, டெக்சாஸில் உள்ளூர் பங்கோடு சேர்த்து 8.25 சதவீதம் வரை. நீங்கள் 2,500க்கு எடுத்தால் பிரீமியத்தோடு 3,000, வரியோடு 3,247 டாலர் 50 சென்ட். கையில் இருப்பதைத் தாண்டிவிட்டது. 2,300ல் நின்றால் 2,760, வரியோடு 2,987 டாலர் 70 சென்ட். ஆக உங்கள் எல்லை 2,300. கோடி கடிதத்துக்கும் காசு வேண்டும் என்றால் இன்னும் ஒரு படி கீழே. அந்த எண்ணை உங்கள் ஏல அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி, கீழே கோடு போடுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போகிறேன்.

ஏலத்தன்று முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டு நடைபாதை ஓரம், பின்னால் இருந்து மூன்றாவது நாலாவது வரிசை எனக்குப் பிடித்த இடம். யார் கேட்கிறார்கள் என்று தெரியும், ஏலக்காரர் கண்ணிலும் படுவீர்கள். நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று மூச்சு விட இடம் கொடுப்பார்கள். இங்கே அதை எதிர்பார்க்காதீர்கள். மணிக்கு எண்பது நூறு லாட் ஓடும் இடத்தில் ஒரு லாட்டுக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம்தான். ஏலக்காரர் ராகம் போட்டுப் பாடுகிற மாதிரி எண்களை அடுக்குவார். உதவியாளர்கள் திடீரென்று "யெப்!" என்று கத்துவார்கள். முதல் முறை கேட்டால் நெஞ்சு திக்கென்று இருக்கும். அதனால் உங்கள் லாட் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். நாற்பது ஐம்பது லாட் கேட்டால் காது பழகிவிடும், அவர் சொல்லும் எண் இப்போது கையில் இருப்பதா, அடுத்துக் கேட்பதா என்று பிரித்தறிய முடியும். 2,000 டாலருக்கு மேல் நூறு நூறாக ஏறலாம், 250 ஆகவும் ஏறலாம். படி எப்படி என்று முன்பே பார்த்துக்கொண்டால்தான் உங்கள் 2,300ஐத் தொட முடியுமா, 2,250லேயே நிறுத்த வேண்டுமா என்று தெரியும்.

அரங்கில் எத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாலும், உங்களோடு போட்டி போடுவது பெரும்பாலும் தொலைபேசி மேசையும் இணையமும்தான். முதலிலேயே தங்கள் விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பக்கத்துக் காபிக் கூட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தவறுதலாகக் கை தூக்கிவிட்டால் உடனே, அந்த நொடியே சொல்லிவிடுங்கள். சுத்தி தட்டியபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் எல்லையைத் தாண்டியதும் அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துவிடுங்கள், அடுத்து யார் எடுக்கிறார் என்று திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். இந்த மாடல் லட்சக்கணக்கில் செய்தது தம்பி. அடுத்த ஏலத்தில் இன்னொன்று கட்டாயம் வரும்.

அப்பா விஷயம். படிக்கும்போதே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பதில் முடியாது என்பதுதான். அமெரிக்காவின் 1898 கோடு இந்தியாவில் உங்களுக்கு உதவாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலைக்குப் போன பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. உங்கள் விஞ்செஸ்டர் நல்ல நிலையில் இருந்தால் சுடும், ஆகவே உரிய உரிமம் இல்லாமல் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோவது குற்றம். பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம், சுங்கத்தில் விளக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சுட முடியாதபடி துளை போட்டு எடுத்துப் போகலாமே என்றும் சிலர் யோசிப்பார்கள். 130 வருடப் பொருளை அப்படிச் சிதைக்க தயவுசெய்து மனம் துணியாதீர்கள்.

அப்பா இங்கே வரும்போது அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதற்கும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆன்டீக் என்பது உறுதியானால் தடை இருக்காது. அதுவரை கோடி கடிதத்தின் நகலையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் அவருக்கு அனுப்புங்கள். அவருக்கும் பழைய ஆயுதங்களில் ஆர்வம் என்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போகச் சொல்லுங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன.

ஏலம் உங்களிடம் நின்றால், பணம் கட்டி வாங்கும் கவுன்டரிலேயே ஒரு வேலை செய்யுங்கள். விஞ்செஸ்டரில் குழலுக்கு அடியில் நீளமாக ஒரு தோட்டாக் குழாய் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து போன பழைய துப்பாக்கிகளில் ஒரு தோட்டா உள்ளேயே சிக்கிக் கிடந்து, லீவரை எத்தனை முறை இறக்கினாலும் வெளியே வராமல் இருப்பதுண்டு. ஊழியரையே அந்தக் குழாயைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது இருந்தால் அவரே வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் வாங்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பிராஸோ பாட்டிலைத் தேடாதீர்கள். ரிசீவரின் அடியில் தெரியும் பித்தளைக் கட்டி மஞ்சளும் பழுப்புமாக மங்கியிருக்கும், பளபளப்பாக்க கை துறுதுறுக்கும். மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு சொட்டுத் துப்பாக்கி எண்ணெய் விட்டு இரும்புப் பகுதியை மட்டும் துடைத்து வையுங்கள். பித்தளையை அப்படியே விடுங்கள். லாட் நம்பரும் சீரியல் நம்பர் தெரியும்படி ஒரு படமும் பார்வை நாளன்று மதியத்துக்குள் அனுப்பினால், அன்று சாயங்காலமே பார்த்துச் சொல்கிறேன்.